கார்பன் மாஸ்டரும் தாசில்தாரும்

கார்பன் மாஸ்டரை முன்னாலிருந்து பார்த்தால் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. பின்னாலிருந்து பார்த்தால் அவர் யாராக வேண்டுமானாலும் இருப்பார். இப்படி ஒரு முதுகை வைத்துக்கொண்டு தஞ்சாவூரில் பிழைப்பு நடத்திய மனிதர் அவர் ஒருவர்தான் என்று அடித்துச் சொல்வேன்.

தொழில், நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பது. அவருக்கு நிஜப் பெயர் ஒன்று இருந்தது. வாசலில் மாட்டியிருந்த போர்டில் அதை மழை அழித்த பிறகு அவரும் திரும்ப எழுதவில்லை. தாளுக்கு அடியில் வைக்கிற கார்பன் மாதிரி, மேலே எதை எழுதினாலும் அப்படியே அவர்மேல் விழும். அதனால் அந்தப் பெயர்.

நாய்ப் பயிற்சியில் கட்சிகள் உண்டென்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒன்று பெல்ட் கட்சி. 'வீட்டுக்கு நீதான் தலைவன், அதை நாய்க்குப் புரிய வை' என்று அதட்டி மிரட்டுகிறவர்கள். இன்னொன்று பிஸ்கட் கட்சி. நாய் சொன்னதைக் கேட்டால் ஒரு துண்டு, கேட்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டு கட்சியிலும் உலகப் புகழ்பெற்ற பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். கார்பன் எல்லாருடைய வீடியோவையும் போனில் பார்ப்பார், எல்லாரையும் மெச்சுவார்.

"எல்லாரும் பெரிய ஆளுங்க சார். ஆனா எல்லாரும் நாயையே பார்க்குறாங்க. அந்த நாய் யாரைப் பார்க்குதுன்னு நான் பார்க்குறேன்."

அவருடைய சித்தாந்தம் எளிமையானது. நாய்க்கு மனிதனின் முகம் ஒரு பொருட்டே இல்லை. நடை, செருப்புச் சத்தம், செருமல், சாவிக்கொத்து, வேர்வை வாடை, இவ்வளவுதான் அதற்கு ஒரு ஆள். எந்த மனிதரைக் கண்டால் நாய்க்கு ஆகவில்லையோ அந்த மனிதராகவே கார்பன் தினமும் வந்து நிற்பார். நாய் பயந்து, குரைத்து, அலுத்து, கடைசியில் 'சரி, இந்த ஆளால் ஆபத்தில்லை' என்று படுத்துக்கொள்ளும். மறுநாள் நிஜ ஆள் வந்தாலும் படுத்தே இருக்கும்.

எங்கள் எதிர்வீட்டு நாய்க்கு கேஸ் சிலிண்டர் போடுகிறவரைக் கண்டால் வெறி பிடிக்கும். கார்பன் அந்த ஆள் பின்னாலேயே தெருத்தெருவாகச் சுற்றினார். பிறகு அவருடைய பழைய காக்கிச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு, தோளில் காலி சிலிண்டரோடு எங்கள் தெருவுக்குள் நுழைந்தார். நாய் குணமானது. ஆனால் தெருப் பெண்கள் பாதிப் பேர் வெளியே வந்து, "புக் பண்ணி எத்தனை நாளாச்சு, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அவரும் அந்த ஆளைப் போலவே பதில் சொல்லாமல் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

இன்னொரு வீட்டில் ஒரு பொமரேனியன். சீர்காழியிலிருந்து மாமியார் வரும்போதெல்லாம் அவர் காலைக் கடித்துவிடும். கார்பன் அந்த அம்மாளின் பழம்புடவையைத் தோளில் போர்த்திக்கொண்டு, வெற்றிலையை மென்றபடி, வாசற்படியில் கையூன்றி "அப்பனே முருகா" என்று பெருமூச்சு விட்டார். நாய் கட்டிலுக்கு அடியில் புகுந்தது. அது எதிர்பார்த்ததுதான். கூடத்தில் மருமகள் டிவியை அணைத்துவிட்டு வெங்காயம் உரிக்க ஆரம்பித்துவிட்டாள். மகன் சோபாவிலிருந்து துள்ளி எழுந்து, "எப்பம்மா வந்தே?" என்றான். கார்பன் திரும்பி முகத்தைக் காட்டிய பிறகும் கொஞ்ச நேரம் அந்த வீட்டில் யாரும் உட்காரவில்லை.

இதையெல்லாம் கேட்டு நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாள் மத்தியானம் எங்கள் ஆபீஸ் மாடிப்படியில் என் காலடிச் சத்தம் கேட்டது. நான் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். கடைசிப் படிக்கு முந்தின படியில் நான் எப்போதும் கொஞ்சம் தடுக்குவேன். அந்தச் சத்தமும் தடுக்கியது. பக்கத்து சீட்காரர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல், "வாங்க சார், டீ சொல்லட்டா?" என்று கதவுப் பக்கமாகக் கேட்டார். கதவைத் தள்ளிக்கொண்டு கார்பன் வந்தார்.

"சும்மா பழகிப் பார்த்தேன் சார்."

"என்னைப் பழகாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அந்த மனிதரை நானே போய்க் கூப்பிட வேண்டிய நாளும் வந்தது.

என் அக்கா வீடு பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வாசலை ஒட்டி வாய்க்கால், வாய்க்காலைத் தாண்டினால் அவர்கள் வயல். அத்தான் ஒரு நாட்டு நாய் வளர்த்தார். அதற்குப் பெயர் தாசில்தார். பட்டாவில் பெயர் மாற்றுவதற்காக ஒரு காலத்தில் அலையோ அலையென்று அலைந்தவர், "டேய் தாசில்தார், உட்காருடா" என்று அதட்டுவதில் அப்படி ஒரு சந்தோஷம் கண்டார். நாயும் அவர் சொன்னால் மட்டும்தான் உட்காரும். அக்கா சோறு வைப்பாள். அதோடு சரி, அவளுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அத்தான் வரப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். காரில் ஏற்றியபோது தாசில்தார் மெயின் ரோடு வரை பின்னால் ஓடியது. திரும்பி வந்தது அவர் உடல்தான். நாய் அதை முகர்ந்து பார்த்தது. பிறகு 'இது அவரில்லை' என்பதுபோலத் தள்ளிப் போய் வாசல் கேட்டருகில் ரோட்டைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. சாப்பாட்டைத் தொடவில்லை. அக்கா அழவில்லை, பேசவும் இல்லை. குவைத்திலிருந்து வந்த மகன் காரியம் முடிந்து, லீவு தீர்ந்து, திரும்பிப் போனான். நான் வாராவாரம் போய் வந்தேன். நாய் விலா எலும்பு தெரிய இளைத்துக்கொண்டே போனது. அக்காவும்தான்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அத்தான் சாயங்காலக் காப்பி நேரத்தில் வயலிலிருந்து திரும்புவார். தினமும் அந்த நேரத்துக்குத் தாசில்தார் தள்ளாடி எழுந்திருக்கும். கேட்டுக்குப் போகும். அங்கே வெறுமையை நிமிர்ந்து பார்த்து வாலை ஆட்டும். பிறகு யாரோ ஒருவருடைய நடைக்கு ஈடுகொடுத்து நடப்பதுபோல, நின்று நின்று, படி வரைக்கும் வந்து அவருடைய நாற்காலிக்குக் கீழே படுக்கும். இதை நான் என் கண்ணால் பார்த்தேன். நடவுக்கு வந்த பெண்கள் அந்த நேரத்தில் வாசல் வழியாகப் போவதை விட்டுவிட்டார்கள். அக்கா மட்டும் அடுப்படி ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

கார்பன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "அது காத்துக்கிட்டே கெடக்கு சார். அவரு ஒரு தடவை வந்து உட்கார்ந்து சோறு போட்டா சாப்பிட்டுடும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நான் என்னைய மாத்திக்குறேன். ஆனா அக்காகிட்ட சொல்லிட்டுத்தான் செய்யணும். இது நாய் மட்டும் இருக்குற வீடு இல்ல."

சொன்னேன். அக்கா புடைத்துக்கொண்டிருந்த அரிசியிலிருந்து கண்ணெடுக்காமல் தலையை ஆட்டினாள். சட்டை வேண்டும் என்றதும் எழுந்து போய், துவைக்காத சட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். எங்கே வைத்திருந்தாள் என்று நான் கேட்கவில்லை. கார்பன் அத்தானின் செருப்பையும், மகனின் கல்யாண வீடியோவையும், போனில் இருந்த துண்டு துண்டு வீடியோக்களையும் வாங்கிக்கொண்டு போனார்.

அவர் வந்த அன்று வாய்க்காலில் புதுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. வானம் மூடியிருந்தது. மோட்டார் கொட்டகையில் உடை மாற்றிக்கொண்டு வாய்க்கால் கரையோடு வருவதாக ஏற்பாடு. நான் கூடத்து ஜன்னலருகே நின்றேன். வழக்கம்போலத் தாசில்தார் எழுந்து கேட்டுக்குப் போனது.

செருப்பு தேய்கிற சத்தம் கேட்டது. ஒரு செருமல். மோட்டார் கொட்டகைக்குள் போன ஆள் யாரென்று தெரிந்தும், வருகிறவர் அத்தான் என்றே என் உடம்பு சொன்னது.

கேட் திறந்தது. தாசில்தார் அவருடைய முழங்காலை முகர்ந்தது. எங்கள் எதிர்பார்ப்பெல்லாம் அந்த மூக்கின் நுனியில் நின்றது. நாய் அவரை விட்டு விலகி, சுற்றிக்கொண்டு அவருடைய இடப்பக்கம் போனது. அங்கே யாருமில்லை. அந்த யாருமில்லாத இடத்தை நிமிர்ந்து பார்த்து வாலை ஆட்டியது. அப்படியே நடந்து வந்தார்கள். கார்பன், நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடைவெளி, அப்புறம் நாய்.

படிக்குக் கீழே கார்பன் நின்றார். மெதுவாகத் திரும்பி வாய்க்காலைப் பார்த்தார். ஒரு மூச்சு நேரம். பிறகு படியில் காலை வைத்தார்.

அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"சேத்துக் காலோட ஏறாதீங்க. கழுவிட்டு வாங்க, காப்பி போடுறேன்."

எத்தனையோ நாளாகக் கேட்காத குரல். சொன்ன மாதிரியே காப்பியோடு வெளியே வந்தாள். நாற்காலி அருகில் கார்பன் வேர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருந்தார். அக்கா அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு டம்ளரை நீட்டினாள்.

"குடிங்க தம்பி."

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"படிக்கிட்ட நின்னு வாய்க்காலப் பார்த்தீங்களே, யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லலக்கா."

"தெனம் பார்ப்பாரு. தண்ணி எவ்வளவு வருதுன்னு. எனக்கு மட்டும்தான் தெரியும்."

"வீடியோவுல இருந்துச்சா?" என்று நான் கேட்டேன்.

"இல்ல சார். நான் நிக்கல. காலு நின்னுச்சு."

நாய் நாற்காலிக்குக் கீழே கண்ணை மூடிப் படுத்திருந்தது. சோற்றைத் தொடவில்லை.

"நாளைக்கும் வாங்க தம்பி" என்றாள் அக்கா. பிறகு மெதுவாக, "நாய்க்கு இல்ல. எனக்கு."

கார்பன் சட்டையைக் கழற்றி, மடித்து, நாற்காலியில் வைத்தார். பனியனோடு நின்றார். "வேணாங்க்கா. நாய்க்கு வந்தா திரும்பிப் போயிடுவேன். உங்களுக்கு வந்தா எனக்குத் திரும்பிப் போக வழி தெரியாது."

அக்கா சட்டையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

பஸ்ஸில் அவர் தன் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார். தஞ்சாவூரில் இறங்கியதும் நின்ற இடத்திலேயே நின்றார். "என்ன மாஸ்டர்?" என்றேன். "ஒண்ணுமில்ல சார். நான் எப்படி நடப்பேன்னு யோசிக்கிறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன்.

மறுநாள் என்னிடம் சொல்லாமல் அவரே கிளம்பிப் போயிருக்கிறார். மற்றதெல்லாம் அக்கா சொன்னது. அதே காப்பி நேரம். தன் சொந்தச் சட்டை, தன் சொந்தச் செருப்பு, கையில் ஆரஞ்சுப் பழம். சட்டையைக் கழற்றி வைத்து அக்கா மனதை நோகடித்துவிட்டோமே என்று மன்னிப்புக் கேட்கத்தான் போனாராம். தாசில்தார் கேட்டில் நின்றது. இந்த முன்பின் தெரியாத ஆளைப் பார்த்தது. தொண்டையைத் திறந்து குரைத்தது. கார்பன் கும்பிட்டபடி ஒரு அடி வைத்ததும் பாய்ந்து கெண்டைக்காலைக் கவ்விக்கொண்டது.

அக்கா கரண்டியோடு ஓடி வந்தாள். "டேய் தாசில்தார்! விடுறா! நம்ம வீட்டு மனுசன்டா! உட்காரு!"

நாய் விட்டது. திரும்பி அக்காவையே பார்த்தது. அத்தனை வருஷத்தில் அவள் அதற்குப் போட்ட முதல் உத்தரவு. நடந்து வந்து அவள் காலடியில் உட்கார்ந்தது. அவளும் அங்கேயே உட்கார்ந்து, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தாள். பிறகு தயிர்ச் சோற்றைப் பிசைந்து வைத்தாள். நாய் தட்டை நக்கி வழித்தது. வேட்டி கிழிந்து ரத்தம் வழிய நின்ற கார்பன், "சாப்பிடுதுக்கா, சாப்பிடுதுக்கா" என்று குதித்தாராம்.

அன்று இரவே பெரியாஸ்பத்திரியில் ஊசி போட நான்தான் அழைத்துப் போனேன்.

"எது கடிச்சுது?" என்றார் நர்ஸம்மா.

"தாசில்தார்" என்றார் கார்பன்.

நர்ஸம்மா பேனாவை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அடுத்த நாள் காப்பி நேரத்துக்குத் தாசில்தார் எழுந்திருக்கவில்லை. வயிறு நிறைந்த தூக்கம். அக்கா மட்டும் எழுந்து கேட் வரை போய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாளாம். எனக்குப் போன் செய்து, "தண்ணி நெறைய வருதுடா" என்றாள்.

கார்பன் அதற்குப் பிறகு யாரைப் போலவும் நடக்கவில்லை. கேட்டால், "போதும் சார்" என்பார். பிஸ்கட் கட்சியில் சேர்ந்துவிட்டார். உண்மையைச் சொன்னால் அதில் அவர் சுமார்தான். நாய்கள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுத் தங்கள் இஷ்டத்துக்குக் குரைக்கின்றன. வேலை முடிந்தும் அந்தந்த வீட்டில் காப்பி குடித்துக்கொண்டு, அவர்கள் கதையையெல்லாம் கேட்டுவிட்டு, பொழுது சாயும்போதுதான் கிளம்புகிறார்.

ஆனாலும் நாய் வாங்கியிருக்கிறேன் என்று யார் சொன்னாலும் அவர் நம்பரைத்தான் கொடுக்கிறேன். "நல்லாக் கத்துக் குடுப்பாரா?" என்று கேட்பார்கள்.

"நாய் கத்துக்குமான்னு தெரியாது" என்று சொல்வேன். "ஆனா அவரு ஒரு தடவை வந்துட்டுப் போகட்டும். வீடு நல்லாருக்கும்."