வாரேம்ல கோபாலு

கடல் தாண்டிய தமிழனுக்கு ஒரு தனித் துணிச்சல் வந்துவிடுகிறது. சுற்றி இருக்கிற யாருக்கும் தமிழ் தெரியாது என்று அவனாகவே முடிவு செய்துகொள்கிறான். பிறகு பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் வழுக்கை, பின்னால் நிற்பவரின் வியர்வை, பக்கத்து வீட்டு மீன்குழம்பு என்று சகலத்தையும் வாய்விட்டு விமர்சிக்கத் தொடங்குகிறான். போர்ட் பிளேரில் தடுக்கி விழுந்தால் ஒரு தமிழர் காலில்தான் விழ வேண்டும். அந்த ஊரில் போய் இந்தத் துணிச்சலைக் காட்டியவன் என்ற பெருமை எனக்கு உண்டு.

வேலை கிடைத்து முதல் போஸ்டிங்கே அந்தமான். டெலானிபூர் மேட்டில் ஓர் அரசுக் குடியிருப்பு கொடுத்தார்கள். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நான். பகலில் ஆபீஸ் இருந்ததால் சமாளித்துவிட்டேன். மாலைதான் பிரச்சினை. அந்தத் தீவில் சூரியன் எந்த அரசு ஊழியரையும்விடச் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடும். ஆபீஸ் விட்டு மேடு ஏறி வருவதற்குள் இருட்டிவிடும். அதற்குப் பிறகு தூக்கம் வரும்வரை நீண்டு கிடக்கும் நேரத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. சோறு வடித்தேன். துவைத்த சட்டையை மறுபடி துவைத்தேன். பல்லியிடம் பேசினேன். (அது பதில் சொன்னது. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.)

திருநெல்வேலியிலிருந்து அம்மா தினமும் அந்த நேரத்தில்தான் போன் பண்ணுவாள். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. பின்பக்கத் தாழ்வாரத்தின் மூலையில் ஒரு காலைத் தூக்கி நின்றால் கிடைக்கும். அதுவும் விட்டுவிட்டுத்தான் கேட்கும் என்பதால் கத்தித்தான் பேச வேண்டும்.

"ஏல, தனியாவால இருக்க?"

"தனியாவா? எம்மா, இங்க எனக்கு ஆளு பேரு ஞாபகம் வச்சு முடியல. இன்னைக்கு டிசோசா வீட்டுல சாப்பாடு. நேத்து பானர்ஜி வீட்டுல மீனு. நம்ம நெல்லைப் பக்கத்து ஆளு ஒருத்தன் இருக்கான், கோபாலுன்னு. அவன் என்னைய விடவே மாட்டேங்கான்."

டிசோசா கிடையாது. பானர்ஜி கிடையாது. கோபால் சத்தியமாகக் கிடையாது. அம்மா மேற்கொண்டு துருவ ஆரம்பித்தால் போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, இருட்டில் நின்ற பப்பாளி மரத்தைப் பார்த்து, "இந்தா வாரேம்ல கோபாலு!" என்று கத்துவேன். "எம்மா, சீட்டாடக் கூப்புடுதான். வச்சிரட்டா?" என்று வைத்துவிடுவேன். பிறகு உள்ளே போய்த் தட்டைக் கழுவுவேன்.

அந்தத் தாழ்வாரத்தை ஒட்டித்தான் பக்கத்து வீட்டு அடுக்களை இருந்தது. கதவில் 'எஸ். பிஸ்வாஸ்' என்று பலகை. அங்கே நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், லுங்கியோடு, கையெல்லாம் என்ஜின் கிரீஸோடு, படகு மெக்கானிக். பெங்காலி என்று நான் தீர்மானித்துவிட்டேன். பார்க்கும்போதெல்லாம், "தாதா, கைசே ஹை?" என்று அண்ணனை நலம் விசாரிப்பேன். "படியா ஹை, பாய்" என்று அவரும் நலம் சொல்வார். அதோடு என் ஹிந்தி தீர்ந்துவிடும். இருவரும் சிரித்துக்கொண்டு பிரிவோம்.

இவரிடம் ஒரு விசேஷம். குளிக்கும்போது தமிழ்ப் பாட்டுப் பாடுவார். அதுவும் நம் ஐயாவின் பாட்டு. (ஐயா யார் என்று சொல்ல மாட்டேன். பெயரைச் சொன்னால் எதிரணி ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். உங்கள் மனதில் யார் வருகிறாரோ அவர்தான்.) ஒருவர் குளியலறையில் வரி பிசகாமல் தமிழில் பாடுகிறார் என்றால், சராசரி மூளை உள்ளவன் என்ன நினைப்பான்? நான் நினைத்தது இது: ஐயாவின் புகழ் வங்காளம்வரை போய்விட்டது!

அன்று மாலையே தாழ்வாரத்தில் நின்று அம்மாவிடம் பெருமையாகக் கத்தினேன். "பக்கத்து வீட்டு பெங்காலி ஐயா பாட்டைப் பாடுதான்மா! ஆனா உச்சரிப்பு சரியில்ல. பாட்டைப் போட்டுக் கொல்லுதான்!"

அதோடு விட்டேனா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரை நிறுத்தி அந்தப் பாட்டின் பொருளை ஹிந்தியில் விளக்கினேன். காதலி எங்கே என்று ஒருவன் மழையிடம் விசாரிக்கும் பாட்டு அது. "தாதா, லட்கா பாரிஷ் கோ பூச்தா ஹை... லட்கி கிதர்? பாரிஷ் போல்தா ஹை... மாலும் நஹி." கையால் மழை பெய்து காட்டினேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். "பஹுத் சுந்தர்" என்றார். கண்கூடக் கலங்கியிருந்தது. ஒரு பெங்காலியை அழவைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

சில நாட்கள் கழித்து, என் வாசலுக்கு நேர் எதிரே, மாடிப்படிச் சுவரில் கையால் எழுதிய ஒரு தமிழ்ச் சுவரொட்டி இருந்தது. ஐயாவின் ரசிகர்களைப் பற்றிய நகைச்சுவை நாடகத்துக்கு நடிகர்கள் தேவை, ஞாயிறு மாலை பத்துபஸ்தி சமுதாயக் கூடத்தில் தேர்வு என்று போட்டிருந்தது. தமிழ் தெரியாதவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் எந்த மடையன் இதை ஒட்டினான் என்றுதான் முதலில் தோன்றியது.

அப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கு நடிப்பு ஆசை எல்லாம் கிடையாது. ஆனால் ஒத்திகை என்று ஒன்று உண்டே. தினமும் மாலை போவதற்கு ஓர் இடம் இருக்கும். 'ஏன் லேட்டு?' என்று கேட்க யாராவது இருப்பார்கள். ஒரு வேஷம் கிடைத்தால் அம்மாவிடம் பொய் சொல்ல வேண்டியதில்லை. அதற்காக மரமாக நிற்கச் சொன்னாலும் நின்றிருப்பேன். ஆனால் என் ஞானத்துக்கு ரசிகர் மன்றத் தலைவர் வேஷமே தருவார்கள் என்று நம்பினேன். எந்தப் பாட்டு எந்த ராகம் என்று மனப்பாடம் செய்துகொண்டு, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கூடத்தில் வட்டமாக நாற்காலி போட்டுப் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் தமிழ். கேட்கவே காதுக்கு இதமாக இருந்தது. நடுவில் பார்த்தால் நம் பிஸ்வாஸ் தாதா! பாசம் பொங்கிவிட்டது. "அரே தாதா, ஆப் இதர்?" என்று போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். கூட்டத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னேன்:

"இவரு எங்க பக்கத்து வீட்டுக்காரரு. பெங்காலி. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனா ஐயா பாட்டுன்னா உயிரு. நீங்க ஒண்ணும் சங்கடப்படாதீங்க, நான் பக்கத்துல உக்காந்து ஹிந்தியில சொல்லிக்கிடுதேன்."

ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவர் செருப்பைப் பார்த்தார். வசந்தா அக்கா என்ற பள்ளி ஆசிரியை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "மாரி அண்ணே, டைம் ஆச்சு. ஸ்டார்ட் பண்ணலாமா?" என்றார்.

"ம், சலோ" என்றார் என் தாதா. "தம்பியையே மொதல்ல பாத்துருவோம். வாங்க தம்பி, இப்படி நடுவுல வந்து நில்லுங்க."

சுத்தமான தமிழ். என்னுடையதைவிடச் சுத்தம். பெயர் மாரிமுத்து. கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். பிஸ்வாஸ் என்பது அவர் மனைவி ஷம்பா. ஆஸ்பத்திரி நர்ஸ். குடியிருப்பு மனைவி பெயரில். நாடகத்தை எழுதி இயக்குவது இவர். இதெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்தது. அந்த நிமிடத்தில், இவ்வளவு நாள் தாழ்வாரத்தில் நின்று என்னென்ன கத்தினேன் என்று மனம் ஒவ்வொன்றாக எடுத்துப் போட ஆரம்பித்தது.

"கதை இதுதான்" என்றார் மாரி அண்ணன். "ஐயா கப்பல்ல வர்றாருன்னு ஒரு பேச்சு. மன்றத்து ஆளுங்க மாலையோட கப்பல் தொறையில நிக்கிறாங்க. கப்பல் லேட்டு, லேட்டுன்னு தள்ளிக்கிட்டே போகுது. மாலையும் காஞ்சிருது. இதுல ஒங்களுக்கு மெயின்லேண்ட் ரசிகன் வேஷம் பாக்கிறோம். நான் சொல்லச் சொல்ல நீங்க திருப்பிச் சொல்லணும், அச்சா? மொதல்ல, 'பாட்டைப் போட்டுக் கொல்லுதான். உச்சரிப்பு சரியில்ல.' சொல்லுங்க."

சொன்னேன். கூடம் சிரித்தது.

"இப்ப ஒரு பெங்காலிக்குப் பாட்டுக்கு அர்த்தம் சொல்றீங்க. கையால மழை பெய்யணும்."

பெய்தேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு வேர்த்து, இஸ்திரி போட்ட சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இதுவரைகூடத் தாங்கிக்கொள்ளலாம். மாரி அண்ணன் குரலைத் தணித்துக்கொண்டார்.

"கடைசியா ஒண்ணு. அவனோட அம்மா போன்ல இருக்காங்க. எதிர்க்க யாரும் இல்ல. ஆனா ஆளு இருக்கிற மாதிரி அவன் கூப்பிடுறான். 'இந்தா வாரேம்ல கோபாலு.'"

நெல்லைப் பேச்சு அப்படியே இருந்தது. நான் கத்துவதைப் போலவே கடைசியில் ஓர் இழுப்பு.

என்னால் சொல்ல முடியவில்லை. இது தலைவர் வேஷம் கிடைக்காத வருத்தம் இல்லை. நான் தனியாக இருக்கிறேன் என்பது யாருக்கும் தெரியாது என்ற ஒன்றைத்தான் நான் தைரியமாக வைத்திருந்தேன். அது போய்விட்டது. சொல்லாமல் கொள்ளாமல் வெளியே ஓடினேன். வாசலில் அந்தமான் மழை. நனைந்துகொண்டே ஓடியிருந்தால் ஒரு கௌரவமாவது மிஞ்சியிருக்கும். குடையை உள்ளேயே விட்டுவிட்டதால் சன்ஷேடுக்கு அடியில் நின்றுவிட்டேன்.

மாரி அண்ணன் இரண்டு கிளாஸ் டீயோடு வந்தார்.

"தமிழ்னு ஏன் சொல்லல?" என்றேன். அழுகையும் கோபமுமாக வந்தது.

"எப்பத் தம்பி சொல்றது? நீங்க ஹிந்தியில கேட்டீங்க, நானும் ஹிந்தியில சொன்னேன். சரி, சொல்லிருவோம்னு ஒருநா கெளம்புனேன். அன்னிக்குத்தான் என் பாட்டைப் பத்தி அம்மாகிட்டச் சொல்றீங்க. அதுக்கப்புறம் சொன்னா ஒங்க மொகம் என்னாத்துக்கு ஆகும்?"

"அதான் ஊரைக் கூட்டிச் சிரிக்க வச்சீங்களோ?"

"கோபாலு ஒங்க கதைன்னு உள்ள இருக்கிற யாருக்கும் தெரியாது. எனக்கும் ஷம்பாவுக்கும்தான் தெரியும்." டீயை ஊதினார். "நீங்க கோபாலுன்னு கத்துறப்ப நான் ஜன்னல்ல எட்டிப் பாப்பேன். பப்பாளி மரந்தான் நிக்கும். ஷம்பா கேக்கும், 'இன்னிக்கி யாரு வீட்டுல மீனு?'ன்னு. சொல்லுவேன். மொத ரெண்டு நாளு சிரிச்சுச்சு. அப்புறம் அதுக்குச் சோறு எறங்கல. 'அந்தப் பையனை எப்படியாச்சும் கூப்புடுங்க'ன்னு ஒரே பிடி. எப்படிக் கூப்புடுறது? அதான் ஒங்க வாசலுக்கு எதிர்ல நோட்டீஸ் ஒட்டினேன். அந்த பில்டிங்ல தமிழ் படிக்கிற ஆளு வேற யாரு இருக்கா?"

அந்தத் தீவுக்கு வந்த பிறகு எனக்காக ஒருவர் ஏதோ செய்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அழுதுவிட்டேன். (மழைச் சாரல் என்று பின்னாளில் வீட்டில் சொல்லியிருக்கிறேன். நம்பவில்லை.)

உள்ளே போய், காலி மூலையைப் பார்த்து அந்த வசனத்தைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. வசந்தா அக்கா முந்தானையால் இந்த முறை கண்ணைத் துடைத்தார். நகைச்சுவை நாடகத்தில் நகைச்சுவையைக் கெடுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே வேஷத்தை எனக்குக் கொடுத்தார்கள்.

மறுநாள் மாலை வழக்கம்போல ஒற்றைக் காலில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்து அடுக்களையிலிருந்து ஒரு குரல்: "யோவ், எவ்வளவு நேரம்? சோறு ஆறுது, வாய்யா!"

அம்மாவுக்கும் அது கேட்டுவிட்டது. "ஏல, யாருல அது?"

"கோபாலும்மா" என்றேன்.

"நல்ல மனுசன் குரலாட்டம் இருக்கு. போய்ச் சாப்புடு" என்று அவளே போனை வைத்துவிட்டாள். பல வருடம் கழித்துத்தான் சொன்னாள்: "எல்லாம் எனக்குத் தெரியும்ல. நீதான் தெனமும் கோபாலு கோபாலுன்னு கத்துவ. ஒருநா கூட அவன் கத்தி நான் கேட்டதில்லல்லா." அதிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்காவது போனை வைக்க வேண்டுமென்றால் 'இந்தா வாரேம்ல கோபாலு' என்றால் போதும். என் கல்யாணத்தில் மாரி அண்ணனை அம்மா எல்லாருக்கும் கோபால் என்றே அறிமுகம் செய்தாள். அவரும் மறுக்கவில்லை. பிஸ்வாஸாக இருந்து பழகியவருக்கு இது ஒரு பெரிய விஷயமா?

போன வருடம் ஷம்பா அக்காவுக்கு பாராடாங் தீவுக்கு மாற்றல். அண்ணனும் கூடப் போய்விட்டார். பக்கத்து வீட்டுக் கதவில் இப்போது வேறு பலகை. போனில்தான் பேசிக்கொள்கிறோம்.

"எப்படிண்ணே இருக்கு புது எடம்?"

"படியா ஹை தம்பி. இங்க செட்டு சேந்தாச்சு. சாயங்காலம் ஆனா விடமாட்டேங்கிறானுங்க. ஷம்பாவுக்கு நைட் டூட்டிதான், ஆனா எனக்கு எங்க நேரம்?" போனைத் தள்ளிப் பிடித்துக் கத்துவது கேட்டது. "இந்தா வாரேம்ல கோபாலு!"

வேடிக்கைக்குச் சொன்னார் என்று என் மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கத்தலை எனக்குத் தெரியாதா? எதிரே என்ன மரம் நிற்கிறது என்பதுதான் தெரியவில்லை.

பாராடாங்குக்கு நினைத்தபோது போக முடியாது. காட்டுக்குள் வண்டிகள் குறித்த நேரத்தில் காவலோடு கான்வாயாகத்தான் போக வேண்டும். ஞாயிறு விடியற்காலை முதல் கான்வாயைப் பிடித்தேன். பிறகு ஃபெர்ரி. விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது பின்னால் குளிக்கும் சத்தம், ஐயாவின் அதே மழைப் பாட்டு. உச்சரிப்பில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

வாசலில் நின்று கத்தினேன். "அண்ணே, கோபாலு வந்திருக்கேன்!"

பாட்டு நின்றது.