மேலே உள்ள திருகு

செஞ்சிக் கோட்டையைத் துண்டு துண்டாகப் பிரித்து வைக்கச் சொல்லியிருந்தால், எந்தப் படைக்கும் முன்னால் அதைச் செய்து முடித்திருக்கக்கூடியவர் எங்கள் அலுவலகத்து ‘அடுத்தபக்கம்’ ஒருவர்தான்.

கடைத்தெருவில் பாத்திரக் கடை மாடியில், பம்புசெட் கையேடுகளை இணையத்தில் ஏற்றித் தரும் சிறிய அலுவலகம் எங்களுடையது. ஒரு தலைப்புக்கு முன்னால் பிரிப்புக் கட்டளையைத் தட்டினால், அங்கிருந்து அடுத்த கட்டளை வரை உள்ளதெல்லாம் தனிப் பக்கமாகிவிடும். நாங்கள் அத்தியாயத்துக்கு ஒன்று வைப்போம். அவர் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் வைப்பார். ‘எச்சரிக்கை’ ஒரு பக்கம். எதற்கு எச்சரிக்கை என்பது இன்னொரு பக்கம்.

பேச்சும் அப்படித்தான். “நேத்து வூட்டுக்குள்ள பாம்பு வந்துட்ச்சு...” என்பார். நாங்கள் வாய் பிளந்ததும், “மீதி அடுத்த பக்கம்” என்று டீ குடிக்கப் போய்விடுவார். அந்தப் பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

“இன்னா சார், சம்பளத்தயும் பிச்சிப் பிச்சித் தரட்டா?” என்று முதலாளியம்மா கேட்டார்.

“பெரிய பக்கம்னா போன்ல சுத்திகினே இருக்கும் மேடம். சின்னது பட்டுனு தொறக்கும்.”

போன கடலைப் பருவத்தில் சிங்கவரத்து விவசாயி ஒருவர் எங்கள் கையேட்டைப் பார்த்துவிட்டு அவருக்குப் போன் செய்தார்.

“சார், மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல. கடல வாடுது. நீங்க போட்டாப்ல மேல பாத்துட்டேன். திருகக் காணோம்.”

“மேலன்னா... இப்ப எங்க இருக்கிறீங்க?”

“மோட்டார் கொட்டா கூர மேலதான்!”

பக்கத்தைத் திறந்தோம். ‘மேலே உள்ள திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றவும்’ என்ற ஒரே வரி. ‘மேலே’ என்றது திருகின் படத்தை; அது அந்த வரிக்கு மேலேதான் இருந்தது, அடுத்தபக்கம் நடுவில் கட்டளை வைத்து அதை முந்தைய பக்கத்தில் விடும்வரை.

“எறங்குங்கண்ணா, ஓடு வழுக்கும்! தோ வரேன்!” செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். என் வண்டியில்தான் போனோம்.

விவசாயி இறங்கியிருந்தார். பம்பின் மூக்கருகே இருந்த திருகை அடுத்தபக்கம் காட்ட, அவர் தளர்த்தினார். உஸ்ஸென்று காற்று போய்த் தண்ணீர் பாய்ந்தது.

“இத்த மொதல்லியே சொல்லக் கூடாதா? நான் மேல நின்னத பாத்து ஊரே சிரிக்குது!” என்றார் விவசாயி. அடுத்தபக்கம் சிரிக்கவில்லை. வாய்க்கால் வழியே தண்ணீர் கடைசிப் பாத்தியைத் தொடும்வரை கூடவே நடந்தார்.

திரும்பும்போது பின்னாலிருந்து மெல்லக் கேட்டார்: “ஒரே பக்கமா இருந்திருந்தா அவரு ஏறியிருக்க மாட்டாரு இல்ல?”

“ஒரே பக்கமா இருந்திருந்தா அவரு போன்ல தொறந்தே இருக்காது” என்றேன்.

அது உண்மைதானா என்று நான் சரிபார்க்கவில்லை. சரிபார்க்கவும் மாட்டேன்.