எஃகு நகரத்துத் தொழிலாளர்களை உடனே தோற்கடிக்கக் கோரி

போடிநாயக்கனூர்,
ஐப்பசி 9

'மருதச்சுடர்' மாத இதழின் ஆசிரியர் சமூகத்திற்கு, ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் காசிராஜன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. மழையும் மின்வெட்டும் நீங்கலாக இங்கு அனைவரும் நலம். தங்கள் நலமும் அச்சுக் கோப்பவர் நலமும் அறிய ஆவல்.

தங்கள் இதழில் பதினொரு மாதங்களாக வெளிவரும் என் 'எஃகு நகரம்' தொடர்கதையின் கடைசி அத்தியாயத்தை வரும் இதழிலேயே வெளியிட வேண்டுகிறேன். அதில் தொழிலாளர்கள் தோற்றுப்போகிறார்கள். அவர்கள் சீக்கிரம் தோற்றால் எனக்குப் பேருதவியாக இருக்கும்.

கதை நடப்பது நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய அமெரிக்காவில் என்பது தாங்கள் அறிந்ததே. நான் அமெரிக்கா போனதில்லை. பனிக்கு எங்கள் குரங்கணி மலையின் மூடுபனியையும், ஆலைப் புகைக்கு என் ஏலக்காய் உலர்த்தும் அறையையும் வைத்துச் சமாளித்தேன். ஏழைகளைப் பற்றி எழுதும்போது மட்டும் கண்ணீர் தானாகவே வந்தது. முதலாளி எட்வர்டு துரை இருக்கிறானே, கல்நெஞ்சன், பதினெட்டுத் தொழிலாளர்களை ஒரே குதிரை வண்டியில் திணித்து மலைமேல் சுரங்கத்துக்கு அனுப்புவான். இந்தப் பதினெட்டு எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியாது. முழுக்கக் கற்பனை.

கதை மனதைத் தொடுகிறதா என்று பார்க்க, குரங்கணிக்கு மேலுள்ள என் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கும் பெண்களுக்குச் சாப்பாட்டு வேளையில் வாசித்துக் காட்டி வந்தேன். தொட்டது. தொழிலாளர்கள் வண்டியில் ஏற மறுக்கும் இடம் வந்ததும், ராசிங்காபுரம் சுருளியம்மாள் கையில் எடுத்த சோற்றைத் தூக்குவாளியிலேயே போட்டுவிட்டு, "அவுக எத்தன பேரு சார்?" என்றார். பதினெட்டு என்றேன். சுற்றி எண்ணிப் பார்த்தார். "நாங்களும் பதினெட்டுதேன்."

மறுநாள் விடிகாலை, அவர்களைத் தினமும் மலைமேல் தோட்டத்துக்கு ஏற்றிச்செல்லும் என் ஒற்றை ஜீப்பு ராசிங்காபுரத்தில் போய் நின்றது. ஒருவரும் ஏறவில்லை. ஓட்டுநர் சுடலை ஹாரன் அடித்தே பேட்டரியைத் தீர்த்துவிட்டான். நானே போனேன். இன்னொரு ஜீப்பு வேண்டுமாம். "அது வேற நாடும்மா, வேற காலம், குதிரை வண்டி," என்று விளக்கினேன். "எங்களுக்கு அந்தக் குதிர கூட இல்லயே சார்," என்றார் சுருளியம்மாள். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். "கதையில அவுக செயிச்சா ரெண்டு ஜீப்பு. தோத்தா பழையபடி ஒண்ணு, வாயத் தொறக்க மாட்டோம்." அப்படியானால் தோற்றுவிட்டார்கள், வெரசா ஏறுங்கள் என்றேன். "நீங்க வாயால சொன்னாச் செல்லாது. அச்சுல வரட்டும்."

நான்கு நாட்களாகக் காய் செடியிலேயே பழுத்து வெடிக்கிறது. இந்தக் காய் எடுப்பு போனால் என் ஆண்டே போனது. தங்கள் இதழோ மாத இதழ். சிரமமில்லை என்றால் வார இதழாக மாற்றலாம். முப்பத்திரண்டு ஆண்டுகள் வரலாறு நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், அக்காலத்து வேலைநிறுத்தங்கள் பல தோற்றவையே. இதில் என் சொந்த நலன் எதுவும் இல்லை.

தங்கள் இதழ் வளரவும், தங்கள் இல்லத்தில் ஒருவருக்கும் சளி பிடிக்காதிருக்கவும் வேண்டி,

காசிராஜன்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். கடிதத்தை ஒட்டியபின் சுருளியம்மாள் வந்து, "இன்னைக்கு ஒரு நா எங்ககூட ஏறி வாங்க சார், காய எடுத்துத் தர்றோம்," என்றார். காய்க்காக ஏறினேன், பத்தொன்பதாவது ஆளாக. நான்காவது வளைவில் பின்கதவுக்கு வெளியே தொங்கியது என் கால்தானா என்று சந்தேகமாக இருந்தது. கீழே பள்ளம் தெரிந்தது. என் சட்டைக் காலரை இரண்டு பெண்கள் மலை ஏறும்வரை பிடித்திருந்தார்கள். தினமும் ஓரத்தில் இருப்பவரை அப்படித்தான் பிடித்துக்கொள்வார்களாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது ஐயா. மேலே எழுதியதைக் கிழித்துவிடவும். தொழிலாளர்கள் வெல்லும் அத்தியாயத்தை இத்துடன் வைத்துள்ளேன், மெதுவாகவே வெளியிடலாம். அச்சுக்குக் காத்திராமல் நாளை முதல் இரண்டு ஜீப்பு போகிறது. வரலாறு அப்படி இல்லையே என்று வாசகர் யாராவது எழுதினால் அவரை இங்கே அனுப்பி வையுங்கள். ஜீப்பில் இப்போது இடம் இருக்கிறது.