தலையாட்டினால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் கண்ணாடி

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நானும் உன் அக்காவும் நலம். அங்கு நீ, உன் மனைவி, குழந்தைகள் நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். பதில் போடும்போது அதற்கு மட்டும் பதில் போட்டு நிறுத்திக்கொள். வேறு எதையும் வாங்கி அனுப்பாதே. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். நான் போனில் பேசினால் உன் அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு என் வாக்கியங்களையெல்லாம் அவளே முடித்துவைக்கிறாள். கடிதத்தில்தான் ஒரு புருஷன் முற்றுப்புள்ளி வரைக்கும் போய்ச் சேர முடிகிறது.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன், என் மகள் என்னோடு பேசிவிட்டாள். கதை உனக்குத் தெரியாததல்ல. இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையை உதறிவிட்டு சைக்கிள் ரிப்பேர் கடை போடப்போவதாக அவள் வந்து நின்ற அன்று, "படிச்ச படிப்பென்ன, பஞ்சர் ஒட்டறதென்ன" என்று நான் ஒரு வார்த்தை விட்டேன். அவள் பதிலுக்கு ஒரு வார்த்தை விட்டாள். அதோடு தனி வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் எங்கள் இருவருக்கும் பேச்சு உன் அக்கா வழியாகத்தான். சமையலறையில் நின்று போனில், "உங்கப்பாவுக்கு ஒரே இருமல்டி" என்பாள், எனக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக. அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கக் கௌரவம் விடாது. மச்சான், பெற்ற மகளிடம் இருமலைச் சொல்வதற்குக்கூடத் தூது வைத்துக்கொண்டவனுக்குச் சோறு எப்படி இறங்கும்? வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர, நெஞ்சில் ஒரு கல்லைச் சுமந்துகொண்டுதான் திரிந்தேன். அதை இறக்கி வைத்தது நீ அனுப்பிய மூக்குக்கண்ணாடி. ஆனாலும் நன்றி சொல்ல மாட்டேன். கல்லோடு சேர்த்து என் மானத்தையும் இறக்கிவிட்டது.

பெட்டியைப் பிரித்தபோது சாதாரணக் கண்ணாடியாகத்தான் இருந்தது, காம்பு மட்டும் கொஞ்சம் தடிமன். மாட்டியதும் காதருகே ஒரு பெண், "வணக்கம், தொடங்கலாமா?" என்றாள். நானும் மரியாதைக்கு, "வணக்கம்மா" என்றேன். உன் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "யாருக்கு வணக்கம்?" "இந்தப் பொண்ணுக்கு." "எந்தப் பொண்ணு?" காம்புக்குள் குட்டி ஸ்பீக்கர் இருக்கிறது, மாட்டியவன் காதுக்கு மட்டும் நேராகச் சத்தம் விடும் என்று விளக்கினேன். "ஓஹோ, நான் பக்கத்துல இருந்தாலும் எனக்குக் கேக்காது, உங்களுக்கு மட்டும் கேக்கும். என் தம்பி நல்ல பொருளாத்தான் பாத்து அனுப்பியிருக்கான்" என்று சொல்லிவிட்டு, மடித்த துணியை மறுபடியும் உதறி மடித்தாள். அன்று முழுக்க அப்படித்தான்.

என் தொழில் உனக்குத் தெரியும். லிஃப்ட் இன்ஸ்பெக்டர், எது எதை இழுக்கிறது என்று பார்க்காமல் எதற்கும் கையெழுத்துப் போடாதவன். ஆகையால் உட்கார்ந்து விவரத்தைப் படித்தேன். காம்பு முனையில் மிளகளவு விளக்கு ஒன்று இருக்கிறது. அது எழுத்தை வெளிச்சமாக்கிக் கண்ணாடிக்குள் அனுப்புகிறது, கண்ணாடி அதைத் திருப்பி நம் கண்ணுக்குள் விடுகிறது. நமக்கோ கைக்கெட்டும் தூரத்தில் பச்சை எழுத்து காற்றில் நிற்பதுபோல் தெரிகிறது. (நான் அதைத் துடைக்கப் போய், முடி வெட்டுகிறவர் மூக்கில் கை பட்டது தனிக் கதை.) ஓரத்தில் கேமரா, அது படம் பிடிக்கும்போது எதிரில் இருப்பவருக்குத் தெரியட்டும் என்று ஒரு வெள்ளைப் புள்ளி எரியும். நாம் சொல்வதைக் கேட்க மைக். ஆனால் மூளை மட்டும் அதற்குள் இல்லை. நாம் எதையாவது கேட்டால் அது போனைக் கேட்கிறது, போன் எங்கேயோ இருக்கிற பெரிய கம்ப்யூட்டரைக் கேட்கிறது. எங்கள் ஆபீஸும் அப்படித்தான். கேட்ட இடத்தில் பதில் கிடையாது, மேலே அனுப்பி வாங்கித் தருவோம். குறை மட்டும் சொல்லக்கூடாது. மாத்திரை அட்டையில் இருக்கிற பொடி எழுத்தைப் படித்துச் சொன்னது. பழைய மோட்டார் ஒன்றில் அந்நிய பாஷையில் இருந்த தகட்டைத் தமிழில் காட்டியது. அந்த மோட்டாரை இத்தனை வருஷமாகத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

வினை வந்தது தலையாட்டலில். இதைக் கையால் தொடாமலே தலையசைத்துப் பதில் சொல்லலாமாம். கண்ணாடியைச் செய்தவர்கள் ஊரில் 'ஆமாம்' என்றால் தலை மேலும் கீழும் போகும், 'இல்லை' என்றால் இடமும் வலமும். நம் தலை அப்படியா போகிறது? நம் 'சரி' இரண்டுக்கும் நடுவே காதைத் தோளுக்குக் கொடுத்து வாங்கும். "புரியவில்லை, மீண்டும் ஆட்டவும்" என்று அந்தப் பெண் என்னை ஆட்டு ஆட்டென்று ஆட்டிவைத்தாள். உன் அக்கா போனைப் பார்த்து, "பழக்கிக் குடுக்கலாம்னு போட்டிருக்குங்க" என்றாள். அவளே எதிரில் நின்று, "கடைக்குப் போறீங்களா? பாத்திரம் கழுவறீங்களா?" என்று கேட்கக் கேட்க நான் ஆட்டினேன். "பதிந்துகொண்டேன், இனி இதுவே உங்கள் சம்மதம்" என்றது கண்ணாடி. ஆபீஸில் என்னிடம் ஒரு சம்மதம் வாங்குவதற்குள் கட்டிடக்காரர்களுக்கு நாக்குத் தள்ளிவிடும். வீட்டில் கதை வேறு. கல்யாணம் ஆன நாளிலிருந்து உன் அக்கா பேசப் பேச ஆடிக்கொண்டிருக்கும் தலை இது. நீதான் எனக்குப் பூம்பூம் மாடு என்று பெயர் வைத்தாய். அது சம்மதம் இல்லை மச்சான், தாளம்! இந்த வித்தியாசம் உன் அக்காவுக்குத் தெரியும், கண்ணாடிக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் உன் அக்கா ஜன்னல் திரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள், நான் சுவர்க் கண்ணாடியைப் பார்த்து முகச்சவரம் பண்ணிக்கொண்டே தாளம் போட்டேன். காதில் அந்தப் பெண்ணும் ஏதேதோ கேட்டபடி இருந்தாள். இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் பேசினால் எந்த ஆண்பிள்ளைக்குக் காதில் விழும்? விளைவு, முகமெல்லாம் நுரையோடு நான் நிற்கிற படம் என் போனில் இருக்கிற அத்தனை பேருக்கும் போய்விட்டது. மேலதிகாரி 'நன்று' என்று பதில் போட்டிருந்தார். அடுத்து, உடம்பை இளைக்கவைக்கும் திட்டம் ஒன்றுக்கும் சம்மதித்திருக்கிறேன். அன்றிலிருந்து எந்த லிஃப்ட் முன்னால் போய் நின்றாலும், "படியேறிச் செல்லுங்கள், உடலுக்கு நல்லது" என்கிறது. லிஃப்ட்டைச் சோதிக்கப் போன இன்ஸ்பெக்டர் படியேறி வருவதைக் கண்டு, அந்தக் கட்டிடத்தில் யாருமே லிஃப்ட்டில் ஏறவில்லை. இதையெல்லாம்விடப் பெரிய சம்மதம் ஒன்று உண்டு, அது எனக்கே பிறகுதான் தெரிந்தது. ஆபத்து என்றால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு, போன் பட்டியலில் முதல் பெயரைக் காட்டியிருக்கிறது. முதல் பெயர் என் மகளுடையது, செல்லப் பெயரில் போட்டுவைத்தது. அதற்கும் ஆட்டிவிட்டேன்.

இப்படியிருக்கும்போதுதான் போன புதன்கிழமை, வக்கீல்களும் டாக்டர்களும் இருக்கிற ஒரு பழைய கட்டிடத்துக்குப் போனேன். கையால் இழுத்து மூடும் கம்பிக் கதவு போட்ட லிஃப்ட். மேலே மோட்டார் அறையில் கயிறு, பிரேக் எல்லாம் பார்த்து, 'குறையொன்றும் இல்லை' என்று கையெழுத்தும் போட்டுவிட்டு அதே லிஃப்ட்டில் இறங்கினேன். நடுவில் ஒரு தையல்காரம்மா துணி மூட்டையோடு ஏறினார். கொஞ்சம் இறங்கியதும் இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் பொட்டென்று நின்றுவிட்டது. பட்டனை அழுத்தினேன், அசையவில்லை. "ஐயா, நின்னுபோச்சே!" என்றார் அந்த அம்மா. "பயப்படாதீங்க, நான் லிஃப்ட் இன்ஸ்பெக்டர்." "அப்போ சரியாயிடும்ல?" நான் தலையை ஆட்டினேன். அதே நேரம் காதில், "அவசரத் தொடர்பை அழைக்கட்டுமா?" ஒரே ஆட்டு, இரண்டு பேருக்கும் பதிலாகிவிட்டது. பச்சை எழுத்தில் ஏதோ வந்து கண்ணெதிரே நின்றது. வழக்கமான தொல்லை என்று நானும் படிக்கவில்லை.

அந்த அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது. பேச்சுக் கொடுத்தால் பயம் தெளியும் என்று பார்த்தால், அவர் எனக்குப் பேச்சுக் கொடுத்தார். "பிள்ளைங்க இருக்காங்களா?" "ஒரே பொண்ணு." "என்ன பண்றா?" வெளியாளிடம் அதுவரை இன்சூரன்ஸ் ஆபீஸ் என்றுதான் சொல்லி வந்தேன். அன்று என்னவோ, "சைக்கிள் கடை வெச்சிருக்கா" என்று வந்துவிட்டது. "பொம்பளப் புள்ளையா? சைக்கிள் கடையா?" என்று அவர் இழுத்தாரோ இல்லையோ, எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன், வெச்சா என்னம்மா? எங்க ஆபீஸ்ல ஒருத்தன் பிரேக்கை ஒழுங்கா சோதிக்கறானா சொல்லுங்க. அவ சக்கரத்தைச் சுத்தி விட்டுட்டு, காதை வெச்சுக் கேப்பா. அப்புறம் தானே ஏறி தெருக்கோடி வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டுத்தான் குடுப்பா. அன்னிக்குக் கொட்டற மழை, நனைஞ்சுக்கிட்டே ஓட்டிப் பாக்கறா! அந்தக் கவனம் யாருக்கு வரும்?" "கூடவே இருந்து பாப்பீங்களோ?" "இல்ல, எதிர்ல மருந்துக் கடை இருக்கு. இருமல் மாத்திரை வாங்கற மாதிரி நின்னு பாப்பேன்." "உள்ள போனா என்ன?" "கூப்பிடலையே." "பெத்த பொண்ணு கடைக்கு வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கணுமாக்கும்!" நான் பட்டனை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தேன்.

அப்போது காதில், "அப்பா" என்று கேட்டது.

அது கண்ணாடிப் பெண்ணின் குரல் இல்லை. என் மகள் குரல், மச்சான். ஆபத்து அழைப்பு என்று எடுத்தவள், கேமரா வழியாக நான் பார்ப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டு, நான் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு அத்தனை நேரமும் இருந்திருக்கிறாள். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்பா, கம்பிக் கதவு ஒரு விரல் அகலம் தெறந்திருக்கு. மூட்டை தள்ளியிருக்கு. இழுத்து மூடிட்டு அழுத்துங்க" என்றாள். முகத்தை நகர்த்திப் பார்த்தேன். பச்சை எழுத்து நின்ற இடத்துக்குப் பின்னால் அந்த இடைவெளி இருந்தது! லிஃப்ட் நின்றால் முதலில் கதவைப் பார் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுகிறவன் நான். மூடினேன், அழுத்தினேன், லிஃப்ட் சமர்த்தாக இறங்கியது. "அப்பா, சாயங்காலம் நான்..." என்று அவள் ஆரம்பித்தாள். சந்தோஷத்தில் தலை தானாக ஆடியது. "ஆபத்து நீங்கியது, அழைப்பை முடிக்கட்டுமா?" என்று கேட்டதும் காதில் விழுந்தது, ஆடுகிற தலையை நிறுத்தத்தான் முடியவில்லை. கட் ஆகிவிட்டது.

திரும்பக் கூப்பிடக் கை வரவில்லை. 'சாயங்காலம் நான்' என்றால் என்ன? வருகிறேனா, வரமாட்டேனா? இது தெரியாமல் பொழுது சாயும்வரை நான் பட்ட பாடு இருக்கிறதே! இனி தலையாட்டி ஒன்றையும் கெடுத்துவிடக்கூடாது என்று கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டே வீடு வந்தேன். "சுளுக்கா?" என்று உன் அக்கா கேட்டதற்குக்கூடத் தலையை ஆட்டவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாசலில் சைக்கிள் மணி கேட்டது. கையெல்லாம் கறுப்பு மசகோடு வந்தவள், என் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, போனில் எதையோ தட்டித் தலையாட்டலை அணைத்தாள். "மருந்துக் கடைக்காரர் எப்பவோ எங்கிட்ட சொல்லிட்டாருப்பா. நீங்க எப்ப தெருவைத் தாண்டி வருவீங்கன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். பிறகு, "நாளைக்குக் கடைக்கு வர்றீங்களா?" என்று கேட்டாள். பழக்க தோஷம், ஆட்டினேன். "ம்ஹும். வாயால சொல்லுங்க." என் வாக்கியங்களை முடித்துவைக்கிற உன் அக்கா கதவோரம் நின்றாள். அன்று பார்த்து அவளும் வாயைத் திறக்கவில்லை. "வரேன்மா" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. அன்று ராத்திரி மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். நான் இரண்டு தடவை சோறு வாங்கிக்கொண்டேன்.

ஆகவே எல்லாம் சுபம். கண்ணாடி வந்த வேலை முடிந்தது. பழைய பெட்டியிலேயே போட்டு இந்தக் கடிதத்தோடு உனக்குத் திருப்பி அனுப்புகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. கதவு விஷயம் நமக்குள் இருக்கட்டும், என் ஆபீஸ் காதுக்கு எட்டக்கூடாது. உன் மனைவிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு முத்தம். பெரியவன் என்ற முறையில் உங்கள் எல்லோருக்கும் குறைவில்லாத ஆயுளையும், அடிக்கடி பேசிக்கொள்கிற பிள்ளைகளையும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: கண்ணாடியை எதிர்பார்க்காதே. கடிதத்தை ஒட்டுமுன் மகள் கடைக்குப் போய்வந்தேன். சைக்கிளை மாட்டுவதற்கு உத்தரத்தில் கொக்கி வைத்திருக்கிறாள். தாங்காது என்றேன், தாங்கும் என்றாள். தொழில் புத்தி, பிடித்துத் தொங்கிக் காட்டினேன். தாங்கவில்லை. வந்திருந்த ஆட்கள் முன்னாலேயே ஒரு வார்த்தை விட்டாள், நானும் ஒரு வார்த்தை விட்டேன். இப்போது உன் அக்கா சமையலறையிலிருந்து, "உங்கப்பாவுக்கு இடுப்புல நல்ல அடிடி" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனால் நான் கலங்கவில்லை மச்சான். கண்ணாடியில் தலையாட்டலைத்தான் அணைத்திருக்கிறாளே தவிர, அவசரத் தொடர்பில் இன்னும் அவள் பெயர்தான் இருக்கிறது. பார்த்துவிட்டேன். நாளைக் காலை அதே கட்டிடத்துக்குப் போய் லிஃப்ட்டில் மாட்டிக்கொள்வதாக இருக்கிறேன். தையல்காரம்மாவிடம் சொல்லியாகிவிட்டது, மூட்டையோடு வந்துவிடுவார்.