வெண்டைச் செடியின் தாகத் தவம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்கிய கூட்டத்தில் பாதிப் பேர் கையில் செடித்தொட்டி இருந்தது. கறிவேப்பிலை, ரோஜா, துளசி, மணி பிளான்ட். எல்லாச் செடிக்கும் ஒரே வியாதி, கத்திரி வெயில். எல்லாச் செடிக்கும் ஒரே வைத்தியர், ஸ்டேஷன் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் வாரம் ஒருமுறை எழுந்தருளும் ஸ்ரீலஸ்ரீ சிலிக்கானந்த சுவாமிகள்.

சுவாமிகளின் பழைய பெயர் தங்கராஜ். பூந்தமல்லியில் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்றவர். தண்ணீரும் சுத்தமாகவில்லை, வியாபாரமும் ஓடவில்லை. பிறகு இமயமலைக்குப் போனதாக அவரே சொல்கிறார். போனது பொய்யானாலும் தாடி மெய். தாடி வளர்ந்தால் ஞானமும் வளரும் என்று நம்புகிற ஊர் இது. அப்படிப் பார்த்தால் ஆட்டுக்கடாக்கள் எல்லாம் மடம் கட்டியிருக்க வேண்டும்.

“கணினியின் மூளை எதனால் ஆனது?” என்று மைக்கில் கேட்டார் சுவாமிகள். “சிலிக்கானால். கைபேசியின் மூளை? அதுவும் சிலிக்கானால். அதை அன்றே பஸ்பமாக்கி வைத்தார்கள் நம் முன்னோர். வேரில் இட்டால் செடி சிந்திக்கும். எந்த வெயிலையும் தாங்கும்.”

அம்பத்தூர் ஐ.டி. கம்பெனிக்காரர்கள் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார்கள். செடி சிந்திக்கப் போகிறது என்றதும், தாங்கள் சிந்திக்கிற வேலை மிச்சம் என்று நினைத்துவிட்டார்கள் போலும்.

கால் கிலோ சிலா பஸ்பம் ஐந்நூறு ரூபாய். மஞ்சள் கவர், கவர்மேல் தாடி. பஸ்பத்தில் மந்திரசக்தி இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் சுவாமிகளே ஒரு ருத்ராட்சத்தை நூலில் கட்டி அதன்மேல் தொங்கவிடுவார். சுற்றினால் சக்தி உண்டு. சுற்றாவிட்டால் சக்தி தீர்ந்துவிட்டது, ரீசார்ஜ் செய்ய வேண்டும். ரீசார்ஜுக்கு இருபத்தெட்டு நாள் வேலிடிட்டி.

இந்த மண்டபத்தில்தான் போன ஞாயிறு ஜம்புலிங்கமும் மஞ்சள் கவர் ஆறு வாங்கினான்.

ஜம்புலிங்கத்தின் அப்பா குத்தம்பாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். ஜம்புலிங்கம் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டே அதே நிலத்தில் அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து வெண்டை போட்டிருந்தான். போன வருஷ வெயிலில் பயிர் மொத்தமும் கருகிவிட்டது. நிலத்துக்காரர் ஆனந்தன் இந்தத் தடவை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “இந்த வாட்டியும் கருகிச்சுனா மனைப்பிரிவுக்குக் கல்லு நட்டுடுவேன் ஜம்பு. அப்புறம் என்னைத் திட்டாத.” சுற்றிலும் எல்லா நிலமும் கல் நட்டாகிவிட்டது. மிச்சம் இந்த அரை ஏக்கர்தான். இதை விட்டால் அவனுக்கு மண்ணைத் தொட வேறு இடமில்லை.

பயந்தவன் கண்ணுக்குத் தாடி எல்லாம் தெய்வம். மூன்று கவர் பஸ்பத்தைத் திங்கட்கிழமை காலை வேரில் இட்டான். மூன்றை அடுத்த தவணைக்கு வைத்தான். இடுவதோடு முடியவில்லை. பதினோரு நாள் செடிக்குத் தாகத் தவம். ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டக் கூடாது. தாகம் எடுத்தால்தான் வேர் பஸ்பத்தைத் தேடிப் போகுமாம். செடி செத்துவிட்டால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டதற்கு, “உன் நம்பிக்கை செத்துவிட்டது என்று பொருள்” என்றார் சுவாமிகள். செத்தாலும் செடிமேலும் பக்தன்மேலும்தான் குற்றம்.

அவன் மனைவி தாட்சாயிணி திருநின்றவூர்ப் பக்கம் ஒரு அரிசி மில்லில் வேலை செய்கிறாள். பாய்லரில் உமி எரித்த சாம்பலை வாரிக் கொட்டுவது அவள் வேலை. அன்றைக்கு அவன் இட்டுவிட்டுக் கொண்டுவந்த காலிக் கவரில் ஒட்டியிருந்ததை ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

“யோவ், இது எங்க மில்லு சாம்பல்யா.”

“வாயக் கழுவு. சாமி பஸ்பம்.”

“செவ்வாய்க்கெழம செவ்வாய்க்கெழம ஒரு குட்டி யானை வண்டி வருது. மூட்டைய வாரிப் போடுறதே நான்தான். சாம்பல் காலியாச்சுனு மொதலாளி அவனுக்கு டீ வேற வாங்கிக் குடுக்குறாரு. டிரைவர் சீட்டாண்ட இதே மஞ்ச கவரு கட்டுக் கட்டா கீது.”

“இருக்கட்டுமே. கல்லு மலையிலேர்ந்துதான வருது? கோயில்ல வெச்சா சாமியாவுதா இல்லியா? உன் சாம்பல் வேற, மந்திரம் ஏறுன சாம்பல் வேற. ருத்ராட்சம் சுத்துனத என் கண்ணால பாத்தேன்.”

“அது பொய் சொல்லாதா?”

“சொல்லாது.”

“சத்தியமா?”

“எங்கம்மா மேல.”

“சரி. அப்போ அதுவே சொல்லட்டும்” என்று எழுந்து போய்விட்டாள். இவ்வளவு சீக்கிரம் அவள் விட்டுக்கொடுத்ததே இல்லை. அதுவும் பஸ்பத்தின் மகிமைதான் என்று நினைத்துக்கொண்டான் ஜம்புலிங்கம்.

ஞாயிறு தவத்தின் ஏழாம் நாள். காலையிலேயே வெண்டை இலைகள் துவண்டு தொங்கின. பூக்கள் தொட்டால் உதிர்ந்தன. மோட்டார் ரூம் வரை இரண்டு தடவை போய், ஸ்விட்சைத் தொடாமல் திரும்பி வந்தான். இன்னும் நாலு நாள். பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அங்கே தாட்சாயிணி நாலு எவர்சில்வர் டப்பாவை முன்னால் வைத்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“பூனை உருட்டிடுச்சுயா. பஸ்பத்தையும் பாத்திரம் தேய்க்கிற சாம்பலையும் டப்பாவுல வெச்சிருந்தேன். மூடியெல்லாம் எகிறி இடம் மாறிப் போச்சு. எது எதுனு தெரியல.”

ஜம்புலிங்கத்துக்கு உயிரே போய்விட்டது. சாமி பஸ்பத்தில் பாத்திரம் தேய்த்தால் என்ன பாவம் வரும் என்று நினைக்கவே நடுங்கியது.

“அழுவாத. சாமியாண்டயே எடுத்துகினு போலாம். ருத்ராட்சம் காட்டிக் குடுத்துடும்.”

“நீ சொன்னா சரிதான்” என்றாள் அவள்.

மண்டபத்தில் ரீசார்ஜ் வரிசை வாசல் வரை நின்றது. அவர்களுக்கு முன்னால் பவ்யா என்ற பெண் கறிவேப்பிலைத் தொட்டியோடு நின்றாள். கோயம்புத்தூர்க்காரி, ஐயப்பன்தாங்கலில் பத்தாவது மாடி. “செடிக்கு ரொம்ப ஸ்ட்ரெஸ்ஸுங்க சாமி” என்றாள். அவளுக்கே கண்ணுக்குக் கீழே கருவளையம். சுவாமிகள் செடிக்கு மட்டும் பஸ்பம் கொடுத்தார்.

தாட்சாயிணி நாலு டப்பாவையும் மேசைமேல் திறந்து வைத்து, பூனைக் கதையைச் சொன்னாள். சுவாமிகள் ஒரு கணம் தயங்கினார். மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. ருத்ராட்சத்தை எடுத்தார்.

முதல் டப்பா. அசையவில்லை. “பிணம்” என்றார். இரண்டாவது. அதுவும் பிணம். மூன்றாவதன்மேல் ருத்ராட்சம் கிறுகிறுவென்று சுற்றியது. “பார், என் சக்தி” என்று மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். நாலாவதில் சோம்பலாக அரைச் சுற்றுச் சுற்றியது. “பாதி இறங்கியிருக்கிறது மகளே. ரீசார்ஜ் செய்துகொள். முதல் இரண்டும் பாத்திரம் தேய்க்கத்தான் லாயக்கு.”

ஜம்புலிங்கம் கன்னத்தில் போட்டுக்கொண்டான். கண்ணில் நீர் வந்துவிட்டது.

“நல்லாப் பாத்துட்டீங்களா சாமி? மாத்தமாட்டீங்களே?”

“எம் வாக்கு மாறாது.”

தாட்சாயிணி துணிப்பையில் கையை விட்டு மூன்று மஞ்சள் கவர்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒட்டிய ஒட்டு பிரியவே இல்லை.

“உங்க பஸ்பம் இதோ கீது சாமி. பிரிக்கவே இல்ல. நாலு டப்பாவுலயும் கீறது எங்க மில்லு பாய்லர் சாம்பல். நேத்து ஷிப்ட் முடிச்சு நானே ஒரே குமியிலேர்ந்து வாரிகினு வந்தேன்.”

முதல் வரிசைக்காரர்கள் எழுந்து மேசையை எட்டிப் பார்த்தார்கள்.

“பூனை...” என்றார் சுவாமிகள்.

அப்போதுதான் ஜம்புலிங்கத்துக்கு உறைத்தது. “நம்ம ஊட்ல பூனையே கெடையாதே” என்றான் மெதுவாக.

சுவாமிகள் சமாளித்தார். “எம் அருட்பார்வை பட்டதும் சாம்பலும் சக்தி பெற்றது மகளே.”

“அப்போ மொத ரெண்டு டப்பாவுக்குப் பார்வை எட்டலியா? ஒரே மேசதான?”

பவ்யா கறிவேப்பிலையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். “சாமி, நான் சாப்ட்வேர் டெஸ்டிங்ல இருக்கறனுங்க. ஒருக்கா பார்த்தாப் பத்தாதுங்க. உங்க கவர் ஒண்ணைப் பிரிச்சு அஞ்சாவது டப்பாவுல கொட்டறேன். திரைக்குப் பின்னாடி இடம் மாத்திக் கொண்டாரேன். உங்களுது எதுன்னு சொல்லிருங்க, போதுமுங்க.”

கவரைப் பிரித்து முதல் வரிசைக்காரர்களிடமும் காட்டினாள். அதே சாம்பல் நிறம், அதே கரகரப்பு. எரியாத உமிகூட ஒன்றிரண்டு கிடந்தது.

அவ்வளவுதான், சுவாமிகளின் செந்தமிழ் கழன்று விழுந்தது. “இன்னாமே, ப்ளான் போட்டுகினு வந்து கீறியா? நானு யார்னு தெரியுமா? டேய், எவன்டா அங்க, கல்லாப் பொட்டிய எட்த்துகினு வண்டில ஏத்துடா.”

மைக் அணைக்கப்படவில்லை. இமயமலையில் கேட்டதோ இல்லையோ, நெமிலிச்சேரி ஸ்டேஷன் வரை கேட்டது. தொட்டியோடு வந்தவர்கள் கல்லாவைச் சுற்றி நின்றுகொண்டார்கள். சுவாமிகள் பின்வாசலுக்கு நடந்தார். அங்கே குட்டி யானை டிரைவரையே முதலில் பிடித்து வைத்திருந்தார்கள்.

ஜம்புலிங்கம் எதையும் பார்க்க நிற்கவில்லை. பணத்தைக் கேட்கவும் தோன்றவில்லை. வண்டியை எடுத்தவன் குத்தம்பாக்கத்தில் மோட்டார் ரூமில்தான் நின்றான். நல்லவேளை, கரண்ட் இருந்தது. தண்ணீர் முதல் வரப்பைத் தாண்டி ஓடியபோது, தலையில் அடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். மனைவி சொன்னதை நம்பாமல் ஒரு தாடியை நம்பினோமே என்று வெட்கமாக இருந்தது.

மூன்றாம் நாள் வெண்டையில் முக்கால்வாசி நிமிர்ந்தது. கால்வாசி போனது போனதுதான். கல்லோடு வந்த ஆனந்தன் புதுப்பூவைப் பார்த்துவிட்டுக் கல்லை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனார்.

தாட்சாயிணி வேளாண்மை ஆபீசில் போய்க் கேட்டு வந்தாள். உமிச் சாம்பலில் சிலிக்கா இருப்பது உண்மையாம். நெல்லும் கரும்பும் அதை நன்றாக எடுத்துக்கொண்டு வெயிலைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்குமாம். வெண்டைக்கு அவ்வளவு பலன் இல்லையாம். எந்தப் பயிருக்கும் அது தண்ணீருக்கு மாற்று கிடையாதாம். இதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஆன செலவு பஸ் டிக்கெட்கூட இல்லை. பெண்களுக்கு டிக்கெட் இலவசம்.

அடுத்த செவ்வாய் அவள் மில்லுக்குப் போனால், சாம்பல் குவியலின் உச்சியில் யாரோ குங்குமம் வைத்து, இரண்டு எலுமிச்சம்பழமும் நறுக்கி வைத்திருந்தார்கள். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்கள். எல்லாம் மண்டபத்தில் பார்த்த முகங்கள்.

“அம்மா, உங்க கையால வாரிக் குடுத்தாத்தான் பலிக்கும்னு சொல்றாங்க” என்றார் ஒருவர், கையைக் கூப்பி.

தாட்சாயிணி எலுமிச்சம்பழத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மத்தியானச் சோற்றுக்கு ஆகும். பிறகு மண்வெட்டியை ஊன்றி நின்றாள்.

“சாம்பல் சும்மாதான் கெடக்குது, யார் வேணா வாரிகினு போங்க. ஆனா ஒண்ணு கேளுங்க. என் வெண்டை ஏழு நாளு தண்ணியில்லாம கெடந்துச்சு. தண்ணி உட்டதும் முக்காவாசி பொழச்சிகிச்சு. உங்க மூளைய எத்தினி வருசமா காயப் போட்டு வெச்சிருக்கீங்க? மொதல்ல அதுக்கு ஒரு கொடம் ஊத்துங்க.”