நாலரைக் கட்டையில் நின்றுபோன கல்யாணம்

திருவண்ணாமலை
4-2-1961

மதிப்பிற்குரிய மச்சான் சக்கரபாணி அவர்களுக்கு, உங்கள் தங்கை ஜோதியம்மாளைக் கட்டிக்கொண்ட பாவி பலராமன் எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம். சுகமில்லாதது என் மானம் ஒன்றுதான். ஆரணியில் நீங்களும் அக்காவும் சுகமாகத்தான் இருப்பீர்கள். வயிறெரிய நான் ஒருவன் இருக்கிறேனே.

முந்தாநாள் என் மகள் வேதாவைப் பெண் பார்க்க வேட்டவலத்திலிருந்து வந்தார்கள். பையன் தருமன் தங்கமான பிள்ளை. ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போன வீடு, இதுவாவது அமையட்டும் என்று நான் வேண்டாத சாமியில்லை. பையனின் அப்பா வேடியப்பன் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர். மருமகள் பாடவேண்டுமென்று தன் பெட்டியையே சுமந்துகொண்டு வந்து, சுருதி பிடித்து, "அஞ்சு கட்டை. பாடும்மா" என்றார். பாடித் தொலைக்க வேண்டியதுதானே? உங்கள் மருமகள், "மாமா, இது நாலரைங்க" என்றாள். "முப்பது வருஷமா இது அஞ்சும்மா" என்றார் அவர். "முப்பது வருஷமாவே நாலரைங்க" என்கிறாள் இவள்! நான் கண்ணைக் காட்டுகிறேன், உங்கள் தங்கையோ, "அவ சரியாத்தானே சொல்றா?" என்று ஒத்து ஊதுகிறாள். மனுஷன் பெட்டியை மூடினார், கேசரியைக்கூடத் தொடாமல் பஸ் ஏறிவிட்டார்.

இந்தப் பாழாய்ப்போன காது யார் வீட்டுச் சீதனம்? உங்கள் அப்பா குழாயில் தண்ணீர் சொட்டினாலும் என்ன சுருதி என்று சொல்வார். அவரிடமிருந்து உங்களுக்கு வந்தது, உங்கள் தங்கை வழியாக என் மகள் தலையில் விடிந்தது. நாங்கள் மூன்று தலைமுறையாக நெல் மண்டி வைத்திருப்பவர்கள். கோயில் மணி அடித்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வோம், அதோடு சரி. அது எத்தனை கட்டை என்று எங்கள் வம்சத்தில் எவனும் கேட்டதில்லை. இனி என் மகளை யார் கட்டிக்கொள்வார்கள்? அதற்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும்.

அக்காவுக்கு வணக்கம். உங்கள் பிள்ளைகளுக்கு, காது நீங்கலாக, என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
கொதிப்புடன்,
பலராமன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது தருமனே வந்து நிற்கிறான். "எங்க பெட்டி நாலரைதாங்க. சின்ன வயசிலேருந்தே எனக்குக் கேக்குது, அப்பாகிட்ட சொல்லத்தான் பயம். கட்டினா வேதாவைத்தான் கட்டுவேன்னு சொல்லிட்டேன். அவரும் சரின்னுட்டாரு" என்றான். "நாலரைகூட இல்ல தம்பி, அதுக்கும் ஒரு நூல் கம்மி" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்போதிலிருந்து உங்கள் தங்கை என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம், குடும்பத்தோடு வந்துவிடவும். மேலே எழுதியிருப்பதில் தேதியைத் தவிர வேறெதையும் நம்ப வேண்டாம்.