ஒன்னரை இஞ்சு இறங்கிய கார்

காசு கொடுத்துத் தன் காரைத் தானே கெடுத்துக்கொண்டவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கலாம். டேப்பு வைத்து அளந்து, நோட்டில் குறித்து, யோசித்து யோசித்துக் கெடுத்தவர் ஒரே ஒருவர்தான். வெண்ணாற்றுப் பக்கம் நான் வேலை பார்த்த தாலுகா ஆபீஸில் அவர் சர்வேயர். எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். கேஸ் இன்னும் நடக்கிறது.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. எல்லோருக்கும் அவர் 'ஒன்னரை இஞ்சு'. நான் மட்டும் அண்ணே என்று கூப்பிடுவேன். எதைப் பார்த்தாலும் அளப்பார். டீக்கடையில் வடையை அளந்து, "நேத்தைக்கு இருந்ததவிட கால் இஞ்சு கம்மி" என்று சண்டை பிடிப்பார். கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டால், "அளவு சரியா வரலடா" என்பார்.

அவருடைய அப்பா பண்ணையாளாக இருந்தவர். உதை வாங்கி, கொடி பிடித்து, ஜெயிலுக்குப் போய்க் கடைசியில் கையில் கிடைத்தது மூன்று மா நிலம். ஏறக்குறைய ஒரு ஏக்கர். அதைப் பயிர் செய்தது அண்ணனின் அக்கா. நாற்று நட்டும் களை பறித்தும் தம்பியை சர்வேயர் ஆக்கியதும் அந்த அக்காதான்.

அந்த நிலத்துக்குத்தான் ஆபத்து வந்தது. பூமிக்கடியில் எரிவாயு இருக்கிறது, கம்பெனிக்கு இடம் அளந்து கொடு என்று மேலிருந்து உத்தரவு. ஆட்சியில் இருந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், எதிரில் இருந்தவர்கள் கத்தினார்கள். தேர்தல் முடிந்ததும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டு, இவர்கள் கத்தினார்கள், அவர்கள் கையெழுத்தைத் தேடிப் பார்க்கிறோம் என்றார்கள். இரண்டு பேரும் மேடையில் உழவனைக் கும்பிட்டார்கள். பக்கத்துக் கிராமத்தில் ஜனங்கள் எங்கள் ஜீப்புக்கு முன்னால் படுத்துவிட்டார்கள். அடுத்தது அண்ணனின் ஊர். அக்காவின் மூன்று மாவுக்கு நட்டநடுவில் கம்பெனியின் எல்லைக் கல் விழும் என்று வரைபடத்தில் இருந்தது. கல் விழுந்தால் நிலம் போச்சு.

அந்த மாதம்தான் மனிதர் கார் வாங்கினார்.

சிவப்பு நிற செகண்ட் ஹேண்ட் செடான். ஆபீஸுக்குப் போகவர, காய்கறி வாங்க எல்லோரும் வைத்திருக்கிற வண்டிதான், கொஞ்சம் விறைப்பான சாதி. அதை அப்படியே ஓட்டியிருக்கலாம். இவர் நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தார். அலாய் வீல், டிக்கி மேல் இறக்கை மாதிரி நிற்கும் ஸ்பாய்லர், சைலன்சர், ஸ்பிரிங். ஒவ்வொன்றுக்கும் எதிரே அளவு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊரு போகப்போவுது, உங்களுக்கு ஸ்பாய்லர் கேக்குதாண்ணே?"

"ஆசைடா. ஆசைப்படக் கூடாதா? எங்கப்பா சைக்கிள் ஓட்டுனதுக்கே கட்டி வச்சு அடிச்சானுங்க."

அது நியாயம்தான். ஆனாலும் அந்த ஸ்பாய்லரை மன்னிக்க முடியாது. எங்கள் சாலைகளில் நாற்பதுக்கு மேல் போனால் பல் ஆடும். அந்த வேகத்தில் ஸ்பாய்லரால் நடந்த ஒரே நன்மை, காக்கை உட்கார இடம் கிடைத்தது.

தஞ்சாவூரில் ஒரு மெக்கானிக். நாகூர்க்காரர், எல்லோருக்கும் பாய். ஸ்பிரிங் மாற்றிக் காரைத் தரையோடு இறக்குவதில் கில்லாடி. அண்ணன் என்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போனார்.

"ரெண்டு இஞ்சு இறக்கிடுவோம் சார். பசங்கள்லாம் அதான் கேக்குறாங்க. பாம்பு மாதிரி போவும்."

"நாலு பேரு ஏறினா அதுக்கு மேல எவ்வளவு இறங்கும் பாய்?"

பாய் அப்படி ஒரு கேள்வியை அதுவரை கேட்டதில்லை. பட்டறையில் இருந்த மூன்று ஆட்களை உள்ளே ஏற்றினார், நான்காவதாக நான். அண்ணன் தரையில் மல்லாந்து படுத்து, காரின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவே டேப்பை வைத்தார். எங்களை இறக்கி மறுபடி அளந்தார். நோட்டில் பழைய கணக்கு ஒன்றைப் பார்த்துக்கொண்டார்.

"ஒன்னரை போடுங்க."

"அந்த அரை இஞ்சுல என்ன சார் இருக்கு?"

"இருக்கு பாய்."

பட்டப்பெயர் அன்றுதான் வந்தது. ஆபீஸில் பரப்பியது நான்தான்.

அந்தப் பழைய கணக்கு என்ன என்பதும் எனக்குத் தெரியும். ஒரு வாரம் முன்னால், அவருடைய ஊருக்குள் நுழைகிற வாய்க்கால் மதகின் மேல் குந்திக்கொண்டு, அதன் மேட்டை டேப்பால் அளந்துகொண்டிருந்தார். அந்த ஊருக்கு அந்த ஒரே வழிதான். மதகு ஒட்டக முதுகு மாதிரி எழும்பி இறங்கும். வண்டி தட்டிவிடுமோ என்று பயந்து அளக்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். எனக்கு மூளை அவ்வளவுதான்.

அடுத்தது சைலன்சர். பாய் நான்கைந்து குழாயை எடுத்துப் போட்டார். இது இனிமையாகப் பாடும், இது உறுமும் என்று ஒவ்வொன்றாக வர்ணித்தார். அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்று.

"வயல்வெளியில எவ்வளவு தூரம் கேக்கும்?"

அதைச் சோதிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஊருக்கு அனுப்பினார். நான் அக்காவின் வயல் வரப்பில் நிற்க வேண்டும். அவர் ரயில்வே கேட்டிலிருந்து புறப்படுவார். கேட்டுக்கும் வயலுக்கும் இரண்டு கிலோமீட்டர். அக்கா சேற்றில் நின்று நாற்றங்காலுக்கு வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். கொக்கெல்லாம் திடீரென்று எழும்பிப் பறந்தது.

"என்ன தம்பி அது? எருமைக்கு வயித்துவலி கண்ட மாதிரி?"

"உங்க தம்பிதாங்க்கா. கார்ல வர்றாரு."

"அட கட்டையில போறவனே! இனிமே இவன் வர்றான்னு தந்தியா அடிக்கணும்? கேட்டாண்ட வரும்போதே உலை வச்சிடலாம்."

போனில் அண்ணன், "கேக்குதாடா?" என்றார். "கேக்குதுண்ணே, நாறுது" என்றேன். அவ்வளவு சந்தோஷமாக அவர் சிரித்து நான் கேட்டதில்லை.

அதற்குப்பின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த ஊர்வலம். உளுந்து அறுப்புச் சமயத்தில் பெண்கள் செடியைச் சாலையில் பரப்பி, போகிற வண்டிகள் மிதித்து மணியை உதிர்க்கட்டும் என்று விட்டிருப்பார்கள். இவருடைய வண்டி உயரத்துக்குப் பாதிச் செடி முன்பக்க பம்பரில் மாட்டிக்கொண்டு கூடவே வரும். "தம்பி, மிதிச்சுக் குடுன்னா அறுவடை பண்ணிட்டுப் போறியே!" என்று துரத்துவார்கள். ஞாயிறு தவறாமல் வந்தார். வேறு கிழமையில் ஒருநாளும் வந்ததில்லை. அந்தச் சத்தம் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை என்று குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

நடவு நடக்கும்போது புதிதாக ஒரு தாசில்தார் வந்தார். முன்கூட்டிச் சொன்னால்தானே ஜனங்கள் கூடுகிறார்கள், சொல்லாமல் போய்க் கல் நட்டுவிடுவோம் என்றார். ஒரு புதன்கிழமை காலை. ஜீப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும், வேறு வண்டி வேண்டும்.

"என் கார் இருக்கு சார்" என்றார் ஒன்னரை இஞ்சு.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெற்ற தாய் மாதிரி வளர்த்த அக்காவின் நிலத்துக்கு இவரே வண்டி ஓட்டுகிறாரா? மனதுக்குள் அவரைக் கேட்காத கெட்ட வார்த்தை இல்லை.

முன்னால் தாசில்தார். பின்னால் நானும் கம்பெனி இன்ஜினீயரும். டிக்கியில் சங்கிலியும் கற்களும். சாவியைத் திருப்பியதும் தாசில்தார் சீட்டிலிருந்து எழும்பி உட்கார்ந்தார்.

"என்னய்யா இது?"

"ஸ்போர்ட்ஸ் மாடல் சார். அப்படித்தான் வரும்."

ரயில்வே கேட் தாண்டியதும் ஆக்சிலேட்டரை மிதித்தார் பாருங்கள், கொக்கு ஒன்று மிச்சமில்லை. மதகில் ஏறினோம். பாதி ஏறியதும் அடியில் கரகரவென்று ஒரு சத்தம். வண்டி வயிற்றைக் கொடுத்து மதகின் மேல் படுத்துக்கொண்டது. சக்கரம் சும்மா சுற்றியது. முன்னால் போகாது, பின்னால் வராது.

"ஏன்யா நிக்குது?"

"ஒன்னரை இஞ்சு சார். தனியா வந்தா தட்டாது. நாலு பேருக்குத் தட்டும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டேப்பு, பட்டறையில் ஏற்றி இறக்கிய நான்கு பேர், வயல்வெளியில் எவ்வளவு தூரம் என்ற கேள்வி. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

நடவு வயலிலிருந்து பெண்கள் நாற்று முடியோடு ஓடிவந்தார்கள். கால் மணி நேரத்தில் ஊரே மதகைச் சுற்றி நின்றது. கதவைத் திறக்க இடமில்லை. தாசில்தார் கண்ணாடியை இறக்கி, "கொஞ்சம் தள்ளி விடுங்கம்மா" என்றார்.

"தள்ளுறோம் சார். பின்னாடி தள்ளுறோம். முன்னாடி தள்ள மாட்டோம்."

அக்கா முன்னால் வந்தார். அவ்வளவு நேரம் இருந்த சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது.

"புதன்கிழமை உன் வண்டி சத்தம் கேக்கையிலயே நெனச்சேன்டா. அப்பன் ரத்தம் சிந்துன மண்ணை அளக்க நீயே சங்கிலி தூக்கிட்டு வர்றியா?" கையிலிருந்த சேற்றை ஜன்னல் வழியாக அண்ணன் முகத்தில் அறைந்தார். "இனிமே என் வாசப்படி மிதிச்சே, செருப்பால அடிப்பேன்."

அவர் சேற்றைத் துடைக்கவில்லை. "பின்னாடியே தள்ளுங்க" என்றார்.

தள்ளினார்கள். அடுத்த வாரத்துக்குள் ஊர் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கிவிட்டது. அந்தத் தடை இன்றுவரை நிற்கிறது. அன்றைக்குக் கல் விழுந்திருந்தால் கோர்ட்டுக்குப் போயும் பிரயோஜனமில்லை.

அவருக்கு 17பி மெமோ, வேலையே போகக்கூடிய குற்றச்சாட்டு. 'பொதுச்சாலைக்கு ஒவ்வாத வகையில் மாற்றியமைக்கப்பட்ட சொந்த ஊர்தியில் மேலதிகாரியை அழைத்துச் சென்று அரசுப் பணிக்கு இடையூறு விளைவித்தது.' டைப் அடித்தவன் நான்தான். அடித்துவிட்டு அவரிடம் போய், "அக்காகிட்ட உண்மையச் சொல்லிடறேண்ணே" என்றேன்.

"வாயத் தொறந்தே, கொன்னுடுவேன். ஊருக்குத் தெரிஞ்சா ஆபீஸுக்குத் தெரியும். நானும் ஊருமா சேந்து பண்ணுன சதின்னு கோர்ட்ல போய்ச் சொல்லுவானுங்க. தடை போயிரும். அக்கா திட்டிட்டுப் போவட்டும்டா, நடவு நடக்குதுல்ல?"

ராமநாதபுரம் பக்கம் தூக்கியடித்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் கருவேலமரம். ஒவ்வொரு பொங்கலுக்கும் அக்காவுக்குப் புடவை அனுப்புவார். ஒவ்வொரு வருடமும் திரும்பி வரும். மூன்றாவது வருடம் வாடகை அறையில் மாரடைப்பு. பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. பீரோவில் திரும்பி வந்த புடவைகள் மூன்று இருந்தன, பிரிக்காமல்.

உடலை ஆம்புலன்ஸில் ஊருக்கு அனுப்பினார்கள். சேதி கேட்டுப் போயிருந்த நான் அவருடைய காரை ஓட்டிக்கொண்டு பின்னால் போனேன். ரயில்வே கேட் தாண்டியதும் வழியெல்லாம் வயலில் நின்ற ஜனங்கள் நிமிர்ந்தார்கள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை.

மதகு வந்தது. வண்டியில் நான் ஒருவன்தான். தட்டவில்லை.

சத்தம் கேட்டு அக்கா மதகுக்கே வந்துவிட்டார். ஆம்புலன்ஸைப் பார்க்கவில்லை. காரைத்தான் பார்த்தார்.

"இந்தப் பாழாப்போன சத்தம் அன்னிக்கு முன்னாடியே கேட்டதால நெலம் பொழச்சுது தம்பி. அதுகூடத் தெரியாமப் போய்ட்டான், புத்தி கெட்டவன்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. மதகைக் காட்டி, பட்டறையைச் சொல்லி, எல்லாவற்றையும் அவர் காதுக்கு மட்டும் சொன்னேன். அக்கா குனிந்து மதகின் மேட்டைக் கையால் தடவிப் பார்த்தார்.

"அளந்தானா?"

"அளந்தாருக்கா."

"எவ்வளவு?"

"ஒன்னரை இஞ்சு."

அக்காவும் போன வருடம் போய்விட்டார். அதனால்தான் எழுதுகிறேன். கேஸ் நடத்துகிறவன் படித்தால் படிக்கட்டும், எந்த ஊர் என்று நான் எழுதவில்லை. இரண்டு பேருக்கும் இனி மெமோ கொடுக்க முடியாது.

இப்போது எங்கள் தெருவில் எவனாவது சைலன்சரை மாற்றிக்கொண்டு காதைக் கிழித்துக்கொண்டு போனால் எல்லோரும் ஜன்னலைச் சாத்திவிட்டுத் திட்டுகிறார்கள். சத்தம் எனக்கும் ஆகாதுதான். ஆனாலும் எழுந்து போய், வாசல் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு நிற்கிறேன்.